லேபிளில் எழுதுவதும் சாட்சியம்தான்

 



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். ஆன்லைனில் பர்ஸ், பெல்ட் விற்கும் சின்ன வியாபாரம் தொடங்குகிறார். நம் நாட்டிலேயே தயாரித்த தோல் பொருள்தான் விற்க வேண்டும் என்று ஆசை. உள்ளூர்த் தயாரிப்பாளரைத் தேடி அலைந்ததில் ஓர் ஏஜென்ட் கிடைத்திருக்கிறார். அவர் சொன்ன வழி இது: பர்ஸ் சீனாவிலிருந்து பெயர் எதுவும் இல்லாமல் வெறுமையாக வரும். எந்த நாட்டுப் பொருள் என்ற ஸ்டிக்கர் பாலிதீன் உறையில் மட்டும்தான் இருக்கும். உறையைக் கிழித்துவிட்டு, சூடு போட்டு நம் பிராண்ட் பெயரையும் கீழே 'மேட் இன் இந்தியா' என்றும் அச்சு குத்திக்கொள்ளலாம். விலை, இங்கே தைத்து வாங்குவதில் பாதிகூட இல்லை.

"இது பொய் என்று எனக்கே தெரியும் ஹஜ்ரத். அதைக் கேட்க வரவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். வெட்டிய துண்டுகளாக இறக்கி, இங்கே ஓரம் மட்டும் தைத்துவிட்டால் சட்டப்படியே இந்தியத் தயாரிப்பு ஆகிவிடுமாம். ஐரோப்பாக்காரன் நம் ஆம்பூரில் அப்பர் தைத்து வாங்கிக்கொண்டு போய், அங்கே அடியை ஒட்டி அவன் நாட்டுப் பெயரைப் போடுகிறானே. அவன் செய்தால் வியாபாரம், நான் செய்தால் ஹராமா?"

அன்று அந்தத் தம்பிக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் நம் பெண்கள் பலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் அந்த அப்பரைத் தைக்கிறார்கள். ஒரு ஜோடிக்குக் கிடைப்பது சில ரூபாய். அது கப்பலேறி ஐரோப்பா போய், அங்கே அடித்தளம் பொருத்தப்பட்டு ஷூ ஆகிறது. கடைசியாகப் பொருளின் உருவத்தை மாற்றிய வேலை எங்கே நடந்ததோ அதுவே அதன் நாடு என்பது அவர்களுடைய சுங்க விதி. அதனால் லேபிளில் அந்த நாட்டுப் பெயர் வருகிறது. சட்டப்படி அது சரி. திண்ணையில் உட்கார்ந்து தைத்த பெண்ணின் ஊர் அதில் எங்கும் இருக்காது.

அன்பானவர்களே! லேபிள் என்ற இந்தச் சின்ன விஷயத்தை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு வரலாறு. பொருளில் நாட்டின் பெயர் எழுதும் வழக்கத்துக்கு ஒரு முக்கியமான காரணமே ஏமாற்றுதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக்கு நல்ல பெயர். ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊரிலும் கத்தி செய்வார்கள். அங்கே செய்த கத்திகளில் ஷெஃபீல்டு என்று முத்திரை குத்தி விற்றார்கள். 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. பிரிட்டிஷ் பெயரோ முத்திரையோ தாங்கி வரும் வெளிநாட்டுப் பொருளில், அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று எழுதியே ஆக வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்பது மக்களை எச்சரிப்பதற்காக வந்த சொல். ஸோலிங்கன்காரர்களும் மற்ற ஜெர்மானியத் தொழிலாளிகளும் தரத்தைக் கூட்டிக்கொண்டே போனதில், சில பத்தாண்டுகளில் அதே சொல் பெருமையாக மாறிவிட்டது. ஊர்ப் பெயரைத் திருடிக்கொண்டிருந்தவரை அவர்கள் கத்திக்கு என்று ஒரு பெயர் இருக்கவில்லை. சொந்தப் பெயரில் விற்க வேண்டிய கட்டாயம் வந்த பிறகுதான் பெயர் வந்தது.

இனி நம் நாட்டுச் சட்டம். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி, இறக்குமதியான பொருள் என்றால் உறையில் அது எந்த நாட்டுப் பொருள் என்பதும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பொருள் என்றால் தயாரித்தவரின் பெயர், முகவரி. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைனில் விற்பவரும் எந்த நாட்டுப் பொருள் என்று சொல்ல வேண்டும். ஆகவே நீங்கள் பெல்ட்டோ பையோ வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். 'மார்க்கெட்டட் பை' என்று பெரிய எழுத்தில் இருப்பவர் விற்பவர் மட்டும்தான். 'மேனுஃபாக்சர்டு பை' என்று பொடி எழுத்தில் இருப்பவர்தான் செய்தவர். 'இம்போர்ட்டட் பை' என்று இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. பிராண்டின் பெயர் எந்த மொழியில் இருந்தாலும், எந்தக் கொடி வரைந்திருந்தாலும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'மேக் இன் இந்தியா' என்ற சிங்கச் சின்னத்தைப் பார்த்தும் சிலர் குழம்புகிறார்கள். அது 2014இல் அரசு தொடங்கிய தொழில் வளர்ச்சித் திட்டத்தின் சின்னம். குறிப்பிட்ட பொருள் இங்கே செய்யப்பட்டது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

இறக்குமதிப் பொருளில் 'மேட் இன் இந்தியா' குத்துவது 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி பொய்யான வர்த்தக விவரணை. அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. அதில் பேச ஒன்றும் இல்லை. நாம் பேச வேண்டியது ஓரத்தையாவது உண்மையாகத் தைத்தவரைப் பற்றி.

எவ்வளவு வேலை இங்கே நடந்தால் ஒரு பொருளை இந்தியப் பொருள் எனலாம்? இடத்துக்கு இடம் அளவுகோல் மாறுகிறது. நம் அரசு தன் கொள்முதலில், மதிப்பில் 50 சதவீதமாவது உள்நாட்டுடையதாக இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர் என்கிறது. அமெரிக்காவில் நிபந்தனையின்றி 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று போட, ஏறக்குறைய முழுவதும் அங்கேயே ஆகியிருக்க வேண்டும். இத்தாலியில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 'நூறு சதவீதம் இத்தாலி' என்று போட, வடிவமைப்பிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை எல்லாம் அங்கேயே நடந்திருக்க வேண்டும். வெறும் 'இத்தாலியில் செய்தது' என்பதற்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே வார்த்தைக்கு இத்தனை அளவுகோல் இருக்கிறது. நம் மனச்சாட்சிக்கு எதை வைத்துக்கொள்வது?

ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. நீங்கள் பலமுறை கேட்டதுதான். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் போகிறார்கள். ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்கிறார். நபியவர்கள் குவியலுக்குள் கையை விடுகிறார்கள், விரல்களில் ஈரம் படுகிறது. என்ன இது என்று கேட்டதற்கு, மழை பட்டுவிட்டது என்கிறார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் நான் பல நாள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அந்த வியாபாரி பொய் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. காய்ந்த தானியம் என்று கூவியதாக இல்லை. கேட்டபோது மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். மழை பெய்ததும் அவர் குற்றம் அல்ல. இன்றைய கணக்கில் அவர் மீது வழக்கு போடவே முடியாது. ஆனால் அவருக்குப் பதிலாகக் குவியலின் மேற்பகுதி பேசிக்கொண்டிருந்தது. நான் காய்ந்திருக்கிறேன், உள்ளேயும் இப்படித்தான் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்கு லேபிள்தான் அந்த மேற்பகுதி. வாங்குபவர் உள்ளே கை விட முடியாது. அறுத்த இடத்தை, பதனிட்ட தொட்டியை, தைத்த கையை அவர் பார்க்கப் போவதில்லை. அங்கே இல்லாதவருக்காக விற்பவர் சொல்லும் சாட்சியம்தான் லேபிள்.

இன்னொன்றும் பாருங்கள். நனைந்ததைக் கொட்டிவிடு என்று நபியவர்கள் சொல்லவில்லை. மேலே வை என்றார்கள். நனைந்த தானியத்தை நனைந்த தானியமாக விற்கலாம், அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சீனப் பர்ஸைச் சீனப் பர்ஸாக விற்பதில் ஒரு தவறும் இல்லை. ரெக்ஸினை ரெக்ஸினாக விற்பது முழு ஹலால்.

இதை நான் சொந்த அனுபவத்தில் உணர்ந்தேன். பனிக்காலத்து ஃபஜ்ருக்காகக் கடையில் ஒரு தோல் குஃப்ஃபு வாங்கினேன். 'பியூர் லெதர்' என்று அச்சு குத்தியிருந்தது. ஒழுவில் அதன் மீது மஸஹ் செய்து தொழ வைத்தேன். சில வாரங்களில் மடிப்பில் வெடித்து, உள்ளே துணி நெசவு தெரிந்தது. கிதாபைப் புரட்டிப் பார்த்தேன். தடிப்பு, தண்ணீர் உள்ளே போகாமை ஆகிய நிபந்தனைகள் அதுவரை இருந்ததால் தொழுகைக்குப் பாதிப்பில்லை என்று மனம் ஆறியது. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தையை அச்சடித்தவர் எத்தனை பேர் தொழுகையில் கை வைத்தோம் என்று நினைத்துப் பார்த்திருப்பாரா?

தோல் விஷயத்தில் நமக்கு இது வெறும் தரப் பிரச்சினையும் அல்ல. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஊழியம் செய்த பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஆடு செத்துப்போனபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா, அதை உண்பதுதானே தடை என்று நபியவர்கள் கேட்டார்கள். பதனிட்டால் தோல் சுத்தமாகிறது. ஆனால் பன்றித் தோல் எந்தப் பதனிடுதலாலும் சுத்தமாகாது என்பது நம் இமாம்களின் முடிவு. ஷாஃபிஈ மத்ஹபில் நாய்த் தோலும் அப்படியே. சீனா உள்ளிட்ட சில நாடுகளில் பன்றித் தோல் பதனிடுவது பெரிய தொழில். மெல்லியதாகவும் உறுதியாகவும் இருப்பதால் ஷூ லைனிங்குக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பியச் சந்தைக்கான ஷூக்களில் அப்பர், லைனிங், அடி ஆகிய மூன்றுக்கும் சின்னப் படங்கள் போட்டிருக்கும். விரித்த தோல் வடிவம் இருந்தால் தோல், வலைக் கோடு இருந்தால் துணி, சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள். எந்தப் பிராணியின் தோல் என்று அந்தப் படம் சொல்லாது. லைனிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். முடிக் குழிகள் மும்மூன்றாகக் கூட்டம் கூட்டமாக இருந்தால் அது பன்றித் தோலின் அடையாளம். சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

சரி, குவியலின் மேல் எவ்வளவைத்தான் வைப்பது? ஒரு பர்ஸின் முழு வரலாற்றையும் அதன் மேல் அச்சடிக்க முடியுமா? ஹனஃபி ஃபுகஹாக்கள் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது ஐபு, அதாவது குறை. அதை மறைக்கக் கூடாது. அந்தத் தம்பியின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் கிடைக்கிறது. ஓரம் மட்டும்தான் இங்கே தைத்தது என்று தெரிந்தால் வாங்குபவர் அதே விலை கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் பயமில்லாமல் எழுதுங்கள். கொடுக்க மாட்டார் என்றால், அந்த வித்தியாசத் தொகை எதற்காக உங்கள் கல்லாவுக்குள் வருகிறது? ஐரோப்பாக்காரருக்கும் இதே கேள்விதான். அவருடைய சட்டம் அவரை விட்டுவிட்டதால் நமக்கும் ஃபத்வா கிடைத்துவிட்டதாக ஆகாது.

பாதிப் பதில் என்று ஏன் சொன்னேன்? சில விஷயங்கள் வெளியே தெரிந்தாலும் கடைத்தெருவில் விலை குறைவதில்லை. தைத்தவரின் கூலி அப்படி. ஆற்றின் நிலை அப்படி. 2024இல் மிலான் நீதிமன்றம் உலகப் புகழ்பெற்ற ஒரு ஃபேஷன் நிறுவனத்தின் இத்தாலியக் கிளையை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைத்தது. கடையில் சுமார் 2,600 யூரோவுக்கு விற்ற பைக்கு, தோல் முதலிய மூலப்பொருள் நீங்கலாக, துணை ஒப்பந்தப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ. தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்து உறங்கினார்கள். 'இத்தாலியில் செய்தது' என்ற லேபிளில் ஒரு பொய்யும் இல்லை.

இத்தாலியைப் பார்த்து உச்சுக்கொட்டுவது எளிது. ராணிப்பேட்டையை நினைத்துப் பாருங்கள். 2015 ஜனவரி 31. தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அல்லாஹ் அவர்களுடைய குடும்பங்களுக்கு ஆறுதல் தருவானாக. அவர்கள் பதனிட்ட தோலும் எங்கோ ஒரு லேபிளின் கீழ் விற்றிருக்கும். பாலாற்றுக்கு நேர்ந்த கேட்டுக்காக உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் அது முக்கியமானது. 28 ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இதை நான் வெளியாரைப் பற்றிப் பேசுவது போலப் பேச முடியாது. அந்தத் தொழிலில் பெரும் பங்கு நம் சமுதாயத்தாருடையது. மதரஸாக்களும் கல்லூரிகளும் பள்ளிவாசல்களும் அந்தச் செல்வர்களின் கொடையில் எழுந்திருக்கின்றன. அந்தக் கொடையை வாங்கிய நாமும் ஆற்றங்கரைக் கிணற்றில் உப்பு ஏறியதைப் பற்றி இங்கே எத்தனை ஜும்ஆவில் பேசினோம்? நான் பேசியதில்லை.

எனவே உள்நாட்டுத் தயாரிப்பாளரைத் தேடுகிறேன் என்பவர்கள், நாட்டின் பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட வேண்டாம். நேரில் போங்கள். அந்தத் தம்பியும் போனார். ஆம்பூரில் பெரிய ஏற்றுமதி ஆலைகள் அவருடைய 150 பர்ஸை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர்களுடைய ஆர்டர் ஆயிரக்கணக்கில். சின்ன ஆர்டருக்கு ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகள்தான் சரி. சென்னை பெரியமேட்டில் கேட்டால் வழி சொல்வார்கள். தோல் ஏற்றுமதிக் கழகத்தின் உறுப்பினர் பட்டியலும் உதவும். கொல்கத்தா, கான்பூர், மும்பை தாராவியிலும் இந்த வேலை நடக்கிறது. போகும் இடத்தில் ஷோரூமைப் பார்க்காதீர்கள், வெட்டும் மேசையைப் பாருங்கள். முழுத் தோல் விரித்துக் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. முடிந்த பொருளும் அச்சு குத்தும் மெஷினும் மட்டுமே இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். தோல் எந்த ஷாப்பில் வாங்கியது, பில் இருக்கிறதா, அந்த ஷாப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைந்திருக்கிறதா, வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு ஒரு பீஸுக்கு என்ன கூலி, எப்போது கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தோலா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் 1948 முதல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே சோதித்துச் சொல்வார்கள். இப்படிக் கேட்டால் சில கதவுகள் மூடும். மூடிய கதவும் ஒரு பதில்தான்.

வாங்கும் நம்மிடமும் ஒரு குறை உண்டு. 'இத்தாலியன்' என்று எழுதினால் இரட்டை விலை கொடுக்கிறோம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு நம் முன்னோர் பதனிட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் மதராஸ் துறைமுகம் வழியாக உலகம் முழுதும் போனது. இன்று அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கே தெரியாது. வாங்குபவர் எந்தப் பொய்யை விரும்புகிறாரோ அதைத்தான் ஏஜென்ட் அச்சடித்துத் தருகிறார்.

போன வெள்ளிக்கிழமை தம்பி மறுபடியும் வந்தார். பெரியமேட்டில் சொன்ன வழியில் ஒரு சின்னப் பட்டறை கிடைத்துவிட்டது. ஏஜென்ட் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்கு. லாபம் மெலிந்துவிட்டது, அதனால் 150 பர்ஸை 100 ஆகக் குறைத்துக்கொண்டார். பர்ஸோடு வைக்கும் சீட்டின் மாதிரியைக் காட்டினார். தோல், ராணிப்பேட்டை, ஆட்டுத் தோல். தையல், சென்னை. லைனிங் துணி, இறக்குமதி.

"ஜிப்பும் சீனாதான் ஹஜ்ரத். அதையும் போடணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பர்ஸ் வாங்குகிறவர் ஜிப்பைப் பற்றியா கேட்கப் போகிறார்?" என்றேன்.

"ஜிப் போனா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"அப்படியென்றால் போடுங்கள் தம்பி" என்றேன். சீட்டை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.